195.5 கட்டாஃப், பிசி: கிண்டியில் எது கிடைக்கும், அங்கே வாழ்க்கை எப்படி?

தேன்மொழி_விருதுநகர்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். மாநிலப் பாடத்திட்டம். கணிதம் 98, இயற்பியல் 97, வேதியியல் 98. கட்டாஃப் 195.5. பிசி (பிற்படுத்தப்பட்ட வகுப்பு). படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். ரேங்க் பட்டியல் இன்னும் வரவில்லை.

கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்குமா, கிடைத்தால் எந்தப் பிரிவு என்று தெரிய வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நான் வருவேனா? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) கிண்டியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாமா? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கிடைத்தால், கிண்டியில் வேறொரு பிரிவைவிட அது மேலா?

இன்னொன்று. அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், சென்னைப் பிள்ளைகள் தனிக் கூட்டமாக இருப்பார்கள் என்கிறார்கள். விடுதி, சீனியர்கள், மன்றங்கள் எல்லாம் உண்மையில் எப்படி? வீட்டில் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

சாய்ஸ்_பட்டியல்

வணக்கம்மா. முதலில் 7.5-ஐ முடித்துவிடுவோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் செய்திருந்தால் சேவை மையத்தில் சொல்லி இப்போதே மாற்றிவிடுங்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும். முதல் பட்டதாரிச் சலுகை உங்களுக்கு உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் என்பதால், தம்பி தங்கை இருந்தால் யாருக்கு அது அதிகம் பயன்படும் என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் உதவிபெறும் பள்ளியில் படித்த பெண்களுக்கும் 2024 முதல் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படிப் படித்திருந்தால் கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பியுங்கள்.

இப்போது வாய்ப்பு. கட்டாஃப் என்பது கணிதம் 100-க்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. எனவே எல்லாருடைய கட்டாஃபும் அரை மதிப்பெண் படிகளில்தான் நகரும். 199-க்கும் 200-க்கும் இடையே 199, 199.5, 200 என மூன்றே எண்கள், ஒவ்வொன்றிலும் பெருங்கூட்டம். 195.5-லும் அப்படித்தான். ஒரே கட்டாஃப் என்றால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் பார்ப்பார்கள். அதிலும் சமம் என்றால் மற்ற விதிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சமவாய்ப்பு எண் (ஒவ்வொருவருக்கும் தற்செயலாகக் கொடுக்கப்படும் எண்). கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 191 எடுத்தவருக்கும் 195.5தான், ஆனால் அவர் உங்களுக்கு முன்னால் நிற்பார். உங்கள் கணிதம் 98 என்பதால் 195.5 கூட்டத்தின் தலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அதனால்தான் போன வருடக் கட்டாஃபோடு இந்த வருடக் கட்டாஃபை ஒப்பிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கணிதத் தாள் எளிதாக வந்த வருடம் எல்லாப் பிரிவும் மேலே போகும், கடினமான வருடம் இறங்கும். ஒப்பிட வேண்டியது சமூகப் பிரிவு ரேங்கை. டி.என்.இ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) தளத்தில் முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணும் ரேங்கும் சமூகவாரியாக இருக்கிறது. ரேங்க் பட்டியல் வந்ததும் உங்கள் பிசி ரேங்கை எடுங்கள், கடந்த மூன்று ஆண்டுகளின் பிசி இறுதி ரேங்கோடு வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு பிரிவு பிசி-யில் 1,000-ஆவது ரேங்கோடு முடிந்திருந்தால் 800-க்குள் இருப்பவர் நிம்மதியாக இருக்கலாம். 850 முதல் 1,150 வரை இழுபறி. 1,400 என்றால் அது ஆசைக்குப் போடும் சாய்ஸ். இந்த எல்லைகள் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல், விதி அல்ல.

ஒரு பிரிவில் எத்தனை இடம் உங்களுக்கு என்பதையும் மனதில் வையுங்கள். 60 இடம் என்றால் அரசுப் பள்ளி ஒதுக்கீடு போக ஏறக்குறைய 55. அதில் பொதுப் போட்டி 31 சதவீதம், 17 இடம். பிசி 26.5 சதவீதம், 14 அல்லது 15 இடம். மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு போன்ற சிறப்பு ஒதுக்கீடுகளும் இருப்பதால் ஒன்றிரண்டு இன்னும் குறையும். இவ்வளவு சிறிய எண்ணில் நான்கு பேர் மனம் மாறினாலே இறுதி ரேங்க் நன்றாக நகர்ந்துவிடும்.

உங்கள் மதிப்பெண்ணுக்கு என் கணிப்பு இது. கிண்டியில் கணினி அறிவியல், ஐ.டி., ஈ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) மூன்றும் பிசி-யில் எட்டாது. சுயநிதிப் பிரிவாக வரும் கணினி, ஐ.டி. இடங்களும் கடினம்தான், கட்டணமும் கூடுதல். ஈ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) இழுபறி, மெக்கானிக்கல் ஓரளவு நல்ல வாய்ப்பு. சிவில், மெட்டீரியல் சயின்ஸ், இண்டஸ்ட்ரியல், மேனுஃபேக்சரிங், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், சுரங்கவியல், அச்சு மற்றும் பேக்கேஜிங், வேளாண்மை மற்றும் நீர்ப்பாசனம் இவையெல்லாம் கைக்குள் இருக்கும். பயோமெடிக்கலைப் பட்டியலில் விடாதீர்கள், வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும் பிரிவு அது.

விடைத்தாள் நகலையும் வாங்கிப் பாருங்கள். கணிதத்தில் ஒரு மதிப்பெண் ஏறினால் கட்டாஃபில் முழுதாக ஒன்று, இயற்பியல் வேதியியலில் ஏறினால் அரை. மறுகூட்டலிலோ மறுமதிப்பீட்டிலோ ஏறிய மதிப்பெண் ரேங்க் பட்டியலில் வந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் குறைதீர்க்கக் கொடுக்கும் சில நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும், அந்த நாள் தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

கிண்டி_மரநிழல்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒரு குழப்பத்தை மட்டும் முன்னாலேயே நீக்கிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் யாராவது இதில் மாட்டுகிறார்கள். "அண்ணா பல்கலைக்கழகம்" என்ற பெயர் சாய்ஸ் பட்டியலில் பல இடங்களில் வரும். சென்னையில் அதன் சொந்தக் கல்லூரிகள் நான்குதான். கல்லூரி எண் 1 கிண்டி பொறியியல் கல்லூரி, 2 அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 3 கட்டடக்கலைப் பள்ளி, 4 எம்.ஐ.டி. முதல் மூன்றும் ஒரே வளாகத்தில் கிண்டியில், நான்காவது குரோம்பேட்டையில். கோவை, மதுரை, திருநெல்வேலியில் இருப்பவை மண்டல வளாகங்கள். மற்ற ஊர்களில் உறுப்புக் கல்லூரிகள் உண்டு. அதற்கு வெளியே, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்திடமிருந்து வாங்கும் இணைவுக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில். பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

வளாக வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் அழகப்பா கல்லூரியை மறந்துவிடுகிறார்கள். கெமிக்கல், டெக்ஸ்டைல், செராமிக், உணவுத் தொழில்நுட்பம், மருந்தியல் தொழில்நுட்பம், பயோடெக் அங்கே. வளாகம் அதே கிண்டி வளாகம், நூலகம் அதே, விழாக்களும் அதே. வேதியியலில் மனம் இருந்தால் எண் 2-ஐயும் சேர்த்து நிரப்புங்கள்.

மொழி பற்றிய பயம் தேவையில்லை. இடங்கள் மாநில ஒதுக்கீட்டில் நிரம்புவதால் வகுப்பில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள். வராந்தாவில், கேன்டீனில், விடுதியில் பேச்சு தமிழ்தான். பாடமும் தேர்வும் ஆங்கிலம். சிவிலிலும் மெக்கானிக்கலிலும் 2010 முதல் தமிழ் வழிப் பிரிவு தனியாக இருக்கிறது, சாய்ஸ் பட்டியலிலும் தனிப் பெயரோடு வரும். தமிழ் வழியை எடுத்தாலும் வேலைக்கான நேர்முகம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் பேச்சுப் பழக்கத்தைத் தனியே வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆங்கில வழியை எடுக்கும் தமிழ் வழி மாணவர்கள் தடுமாறுவது பொதுவாக முதல் பருவத்தில். பாடம் கடினம் என்பதால் அல்ல, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த அதே வகைக்கெழுவும் தொகையீடும் வேறு பெயரில் வருவதால். சேர்க்கைக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் வாரங்களில் கணிதம், இயற்பியல் ஆங்கில வழிப் பாடநூல்களை ஒரு முறை முழுக்கப் புரட்டிவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறைத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

சென்னைப் பிள்ளைகள் தனிக் கூட்டம் என்பதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் காரணம் ஊர் அல்ல. வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாலை வகுப்பு முடிந்ததும் பேருந்துக்கும் ரயிலுக்கும் கிளம்பிவிடுகிறார்கள், விடுதியில் இருப்பவர்கள் இரவு வரை ஒன்றாக இருக்கிறார்கள். அங்கே உண்மையான பிரிவினை இதுதான். இரண்டையும் இணைக்கிறவை மன்றங்கள். சி.இ.ஜி. (கிண்டி பொறியியல் கல்லூரி) டெக் ஃபோரம் நடத்தும் குருக்ஷேத்ரா தொழில்நுட்ப விழா, டெக்கோஃபஸ் கலை விழா, கிண்டி டைம்ஸ் மாணவர் இதழ், நாடகக் குழு, தமிழ் மன்றம், கார் வடிவமைத்துப் போட்டிக்குப் போகும் குழுக்கள் என்று நிறைய. இவற்றில் பலவும் முதலாண்டு மாணவர்களைச் சேர்ப்பது முதல் சில மாதங்களில்தான். அறிவிப்பு வந்தவுடன் குறைந்தது மூன்றுக்குப் பெயர் கொடுங்கள், ஒன்றில் நிலையுங்கள். இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று ஒத்திப்போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பொறுப்பு கிடைப்பதில்லை, ஏனென்றால் மன்றங்கள் பொறுப்பை முதலாண்டில் ஓடியாடி வேலை பார்த்தவர்களுக்கே கொடுக்கின்றன. தவிர, முதலாண்டில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு அமைப்பு, இளைஞர் செஞ்சிலுவை இவற்றில் ஏதாவது ஒன்றில் கட்டாயம் சேர வேண்டும். வேறு துறைக்காரர்களோடு பழகக் கிடைக்கும் முதல் வாய்ப்பு இது. சும்மா வருகைக்காகப் போய் நிற்காதீர்கள்.

ஒரே எச்சரிக்கை, 75 சதவீத வருகைப் பதிவு. விழா வேலை பார்த்தே பலர் அதில் இடறுகிறார்கள். மன்ற வேலைக்கு அனுமதிக் கடிதம் வாங்கினால் துறையில் உடனே கொடுத்துப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பருவ முடிவில் கொண்டுபோனால் எடுபடாது.

குரோம்பேட்டை_எண்4

எம்.ஐ.டி.யைக் கிண்டிக்குக் கீழே என்று வைத்துப் பட்டியல் நிரப்பாதீர்கள். இரண்டும் வேறு குணம். சி. ராஜம் தம் சொத்தைக் கொடுத்து 1949-ல் தொடங்கிய கல்லூரி, தொடக்கத்திலிருந்தே விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று அந்தக் காலத்தில் புதிதாக இருந்த துறைகளுக்காக அமைந்தது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது இங்கே. 2009 ஏப்ரலில் பி.எஸ்.எல்.வி. கொண்டுபோன அனுசாட் செயற்கைக்கோளின் வேலை நடந்ததும் இந்த வளாகத்தில். ட்ரோன் ஆய்வு இன்றும் வலுவாக இருக்கிறது.

195.5 பிசி-க்கு எம்.ஐ.டி.யில் கணினியும் ஐ.டி.யும் கடினம். ஈ.சி.இ.யும் அப்படியே. விமானப் பொறியியல் இழுபறி, இன்ஸ்ட்ருமென்டேஷன் ஓரளவு பக்கம். ஆட்டோமொபைல், புரொடக்‌ஷன், ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் கிடைக்கும். எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் விருப்பம் இருந்து கிண்டி ஈ.இ.இ. கை நழுவினால், அங்கே விருப்பமில்லாத பிரிவுக்குப் போவதைவிட எண் 4 இன்ஸ்ட்ருமென்டேஷன் எவ்வளவோ மேல்.

வாழ்க்கை என்று பார்த்தால் எம்.ஐ.டி. சிறிய வளாகம். நல்லதும் கெட்டதும் அதிலிருந்தே வருகிறது. முகம் தெரியாத சீனியர் என்று யாரும் இருக்க மாட்டார்கள், போட்டிக் குழுக்களில் முதலாண்டுப் பிள்ளைக்கும் கையில் வேலை கிடைக்கும். ஆனால் கிண்டியில் இருக்கும் அளவுக்கு மன்றங்களின் வகை கிடையாது. புறநகர் ரயில் நிலையம் நடக்கும் தூரம், தென்மாவட்ட ரயில்கள் நிற்கும் தாம்பரமும் பக்கம் என்பதால் விருதுநகர் போய்வர கிண்டியைவிட இது எளிது. வளாக வேலைவாய்ப்பை கிண்டி, அழகப்பா, எம்.ஐ.டி. மூன்றுக்கும் பல்கலைக்கழகத்தின் ஒரே மையம் பார்க்கிறது, அதனால் அந்தக் கவலையை வைத்து வளாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

தேன்மொழி_விருதுநகர்

மிக்க நன்றி. 7.5 கட்டத்தில் நான் டிக் செய்யவில்லை, பார்த்துவிட்டேன். எனக்கு நிரல் எழுதப் பிடிக்கும், பள்ளியில் கணினி அறிவியல் பாடமும் எடுத்திருந்தேன். ஆனால் கிண்டி என்ற பெயரை விட மனம் வரவில்லை. அப்பா மதுரை போதும், வாரம் ஒரு முறை வீட்டுக்கு வரலாம் என்கிறார். கிண்டி மெக்கானிக்கலா, தியாகராசர் கணினியா என்று வந்தால் என்ன செய்வது? விடுதி, ராகிங் பற்றியும் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

திருப்பரங்குன்றம்_ஆசிரியர்

தேன்மொழி, நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். நிரல் எழுதப் பிடிக்கும் என்கிறீர்கள். மெக்கானிக்கலில் நான்கு ஆண்டு வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் இயந்திர வரைபடமும் படிக்க வேண்டும். அதில் ஆர்வமில்லாமல் பெயருக்காகப் போகிறவர்கள் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் படித்து இரண்டிலும் தளர்ந்துபோகிறார்கள். பிறகு பிரிவு மாறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையிலும் சேராதீர்கள்.

தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-ல் கருமுத்து தியாகராசர் செட்டியார் நிறுவியது. அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி, எண் 5008. கணினி அறிவியல் அங்கும் பிசி-யில் எளிதில் கிடைப்பதல்ல, உங்கள் மதிப்பெண்ணுக்கு அதுவும் இழுபறிதான். அதனால் "கிண்டி இல்லையென்றால் மதுரை உறுதி" என்று வீட்டில் யாரும் நினைக்க வேண்டாம். அதன் ஐ.டி., ஈ.சி.இ., அடுத்து கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி எண் 2005, சி.ஐ.டி. (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) எண் 2007 இவற்றின் கணினிப் பிரிவுகளையும் வரிசையில் வையுங்கள். உதவிபெறும் கல்லூரிகளிலும் சில பிரிவுகள் சுயநிதி. எந்தப் பிரிவு எந்த வகை, கட்டணம் எவ்வளவு என்று, சாய்ஸ் பட்டியலைப் பூட்டுவதற்கு முன்பே கல்லூரிக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

கிண்டி_மரநிழல்

ஆசிரியர் சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. மெக்கானிக்கல் வேண்டாம் என்பது சரி. ஆனால் கிண்டி ஈ.இ.இ. வந்தால் அதைத் தியாகராசர் கணினிக்கு மேலேதான் வைப்பேன். மின் பிரிவுகளுக்கு மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் கதவைத் திறந்தே வைக்கின்றன, மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் அப்படி இல்லை. அங்கே கிடைக்கும் சக மாணவர்களின் தரமும் வேறு: ஒரே விடுதித் தளத்தில் பல துறைகளின் முன்னணி மாணவர்கள் இருப்பார்கள். நிரல் எழுதுகிறவருக்கு அந்தச் சூழல் பாடத்திட்டத்துக்குக் குறைந்ததல்ல.

அப்பாவுக்குச் சொல்ல: பெண்களுக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி. இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்ப வேண்டும், வெளியூர் போகப் பதிவு உண்டு. சென்னையில் வீடு இருப்பவர்களுக்கு விடுதி எளிதில் கிடைக்காது, வெளிமாவட்டத்தவருக்கே முன்னுரிமை. விடுதி விண்ணப்பம் சேர்க்கையோடு தானாக நடக்காது, தனியாகக் கொடுக்க வேண்டும். சேரும் நாளிலேயே கேளுங்கள். உணவுக் கட்டணம் மாதச் செலவைப் பங்கிட்டு வருவதால் மாதத்துக்கு மாதம் மாறும். முன்வைப்புத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். தேசிய உதவி எண் 1800-180-5522, இரவிலும் எடுப்பார்கள், பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பெயர் கேட்பது, ஊர் கேட்பது, துறைப் பாடலைப் பாடச் சொல்வது என்று தொடங்கும்போதே பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் மன்றத்தில் இடம் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் அதுவே புகாருக்குரியது.

சாய்ஸ்_பட்டியல்

கடைசியாகப் பட்டியல் நிரப்பும் முறை, பலரும் தவறுவது இங்கேதான்.

சாய்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. உங்கள் ரேங்குக்கு எது கிடைக்கும் என்று யோசித்து மேலே வைக்காதீர்கள், எது வேண்டுமோ அதை மேலே வையுங்கள். கலந்தாய்வு மென்பொருள் ஒவ்வொரு சாய்ஸையும் மேலிருந்து பார்க்கும்: முதலில் பொதுப் போட்டியில் இடம் உண்டா, இல்லையென்றால் பிசி-யில் உண்டா, இரண்டும் இல்லையென்றால் அடுத்த சாய்ஸ். எட்டாத இடத்தை மேலே வைத்ததால் கீழே உள்ளது பறிபோகாது. கிண்டி கணினியை முதல் சாய்ஸாக வைக்கலாம், ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கிடைத்தால் சேர மாட்டேன் என்று தெரிந்த பிரிவைப் பட்டியலில் வைக்கவே வைக்காதீர்கள். இப்போது பேசியதை வைத்தால் உங்கள் பட்டியலில் மெக்கானிக்கல் வரவே கூடாது.

நிரப்பக் கொடுப்பது மூன்று நாள் அளவில்தான். கடைசி நாள் மாலை தானாகப் பூட்டிக்கொள்ளும். முதல் நாளே முழுப் பட்டியலையும் ஏற்றிவிட்டு, மற்ற நாட்களை வரிசை திருத்த வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைக் கணினி மையத்தில் யாரிடமும் கொடுக்காதீர்கள், பட்டியலை வேறொருவர் மாற்றிவிட்ட புகார்கள் வருவதுண்டு. பூட்டியதும் அச்செடுத்து வையுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் போய்விடும். "ஏற்றுச் சேர்கிறேன்" என்றால் குறித்த நாளுக்குள் கல்லூரியில் பணம் கட்டிச் சேர வேண்டும். "ஏற்றுக்கொள்கிறேன், மேல்நோக்கியும் காத்திருக்கிறேன்" என்றால் பணம் கட்டி இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே உள்ள சாய்ஸ்களுக்குக் காத்திருக்கலாம். உங்கள் நிலையில் இதுதான் பொருத்தம், ஏனென்றால் ஈ.இ.இ.யில் உங்களுக்கு முன்னால் இருப்பவர்களில் சிலர் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பக்கம் நகர்ந்தால் அந்த இடம் கீழே இறங்கும். மருத்துவத்துக்குப் போகிறவர்களை நம்பாதீர்கள். மருத்துவக் கலந்தாய்வு நம் சுற்று முடிந்தபின் நடந்தால் அவர்கள் விட்டுப்போகும் இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், உங்களுக்கு வராது.

மேல்நோக்கிக் காத்திருந்து மேலே இடம் வந்துவிட்டால் கீழே பிடித்த இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் வரிசை முக்கியம். ஈ.இ.இ.யைத் தியாகராசர் கணினிக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று அப்பாவோடு முன்பே பேசி முடித்துவிடுங்கள். "மறுத்துவிட்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்" என்று இன்னொரு தேர்வு இருக்கும், அதைத் தொடாதீர்கள். இருக்கும் இடமும் போய், மேலேயும் கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றில் மிஞ்சியதில்தான் தேட வேண்டும்.

காத்திருக்கும்போது கட்டணத்தைச் சேவை மையம் வழியாகக் கட்டும் முறை வந்தால், வருமானச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் அப்போதே கையில் வேண்டும். இரண்டும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வர நாளாகும், இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.